ஒன்பதாவது லைசின்

ஈஸ்ட் ஆய்வகத்தில் நான் முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்த்த அகார் தட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கடுகளவும் மிளகளவுமாக முளைத்திருந்த காலனிகளில் சில வெள்ளை, சில சிவப்பு. சிலவற்றில் வெள்ளை வட்டத்தின் நடுவில் தொடங்கி விளிம்புவரை ஒரு சிவப்புக் கீற்று விசிறியாக விரிந்திருந்தது. அத்தனையும் ஒரே செல்லின் வாரிசுகள். சிவப்புக் காலனி ஒன்றைக் குச்சியால் தொட்டுப் புதுத் தட்டில் இழுத்தேன். சில நாள் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் சிவப்பு, ஊடே வெள்ளையும் இருந்தது. வெள்ளையை இழுத்தால் ஊடே சிவப்பு வந்தது. மரபணுவில் எழுத்துப் பிழை விழுந்திருந்தால் இப்படிப் போய்ப் போய்த் திரும்பாது. பிழை விழுந்தால் அநேகமாக விழுந்ததுதான்.

அந்தத் தட்டில் மரபணு பழுதில்லாமல் இருந்தது. அதன் வாய் மட்டும் அடைக்கப்பட்டிருந்தது. அடைத்தது யார், எந்த வரிசையில் அடைத்தார்கள், செல் இரண்டாகும்போது அந்த அடைப்பு பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது என்பதைப் படிப்படியாகச் சொல்லப் பார்க்கிறேன். இதில் என்னை மிகவும் பிடித்து நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு: அடங்கிக் கிடக்கும் அந்தப் பகுதி சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு செல் சுழற்சியிலும் அதை மறுபடி அடக்க வேண்டியிருக்கிறது. அப்படி அடக்காவிட்டால் குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படுவதில்லை.

முதலில் அந்த ஈஸ்ட் பற்றி. பெயர் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் போம்பே. கிழக்கு ஆப்பிரிக்காவின் தினை பீரிலிருந்து 1893-இல் பால் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் இதைப் பிரித்தெடுத்தார். ‘போம்பே’ என்றால் சுவாஹிலியில் பீர். ரொட்டி ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும். இதுவோ சின்னக் குச்சி வடிவில் நீண்டு, நடுவில் சுவர் எழுப்பி, சரிபாதியாகப் பிளந்துகொள்ளும். அதனால்தான் பிளவு ஈஸ்ட் என்ற பெயர். 14 மைக்ரோமீட்டர் அளவுக்கு நீண்டதும் பிளக்கும். நல்ல ஊடகத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளந்துகொண்டே இருக்கும். குரோமோசோம்கள் மூன்றே மூன்று. மொத்த டிஎன்ஏ சுமார் 1 கோடியே 38 லட்சம் எழுத்து இணைகள். மரபணு வரிசை முழுவதும் 2002-இல் வெளியானது.

ரொட்டி ஈஸ்டை விட்டு இதை ஏன் எடுக்க வேண்டும்? நான் சொல்லப்போகும் குறி ரொட்டி ஈஸ்டில் கிடையாது. பரிணாமத்தில் எங்கோ அது அதைத் தொலைத்துவிட்டது. பிளவு ஈஸ்டிலும் பழ ஈயிலும் எலியிலும் நம்மிடமும் அது இருக்கிறது.

இனி செல்லுக்குள் போவோம். 1 கோடியே 38 லட்சம் இணைகளை நீட்டிப் பிடித்தால் நாலரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். அது அடங்க வேண்டிய உட்கருவின் விட்டம் இரண்டு மூன்று மைக்ரோமீட்டர்தான். ஆகவே டிஎன்ஏ நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தால் ஓர் உருளை. அதன்மேல் 147 இணைகள், ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். உருளையிலிருந்து ஹிஸ்டோன்களின் நுனிகள் வால்போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலை நுனியிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஒன்பதாவதாக லைசின் என்ற அமினோ அமிலம் வரும். கதை முழுவதும் அந்த ஒரு லைசினின் முனையில்தான் நடக்கிறது.

அந்த முனையில் மெத்தில் ஏறும். ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்ததுதான் மெத்தில். எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற மூலக்கூறு அதைச் சுமந்துகொண்டு வந்து கொடுக்கும். லைசினில் ஒன்று ஏறலாம், இரண்டு ஏறலாம், மூன்றுவரை ஏறலாம். எச்3 புரதத்தின் எடை சுமார் 15,000 டால்டன். ஒரு மெத்தில் ஏறினால் அதில் 14 கூடும். எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறவில்லை. லைசினின் நேர்மின்னூட்டமும் அப்படியே இருக்கிறது. அசெட்டில் என்ற வேறொரு குறி ஏறினால் அந்த மின்னூட்டம் போய், வாலுக்கும் டிஎன்ஏவுக்கும் உள்ள பிடி தளரும். மெத்தில் அதைக்கூடச் செய்வதில்லை.

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. மெத்தில் என்றால் பூட்டு என்று நினைக்கிறார்கள். அது எதையும் பூட்டுவதில்லை. சலவைத் தொழிலாளர்கள் துணியின் ஓரத்தில் சேராங்கொட்டை மையால் ஒரு குறி இடுவார்களே, அதுபோன்றது. அந்தப் புள்ளிகளால் வேட்டி கனப்பதும் இல்லை, கிழிவதும் இல்லை. ஆனால் குறி தெரிந்தவர் கையில் அது எந்த மூட்டைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒன்பதாவது லைசினின் மெத்திலும் படிக்க ஆள் இருந்தால்தான் பயன்படும்.

இந்தக் குறியை இடுவது எது என்று தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1930-இல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களை எக்ஸ் கதிரில் காட்டியபோது, கண் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருந்த ஈக்கள் கிடைத்தன. கண் நிறத்துக்கான மரபணு கெடவில்லை, இடம் மாறி, குரோமோசோமின் இறுகிய பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அந்த இறுகிய பகுதிக்கு ஹெட்டிரோகுரோமாட்டின் என்று 1928-இலேயே எமில் ஹைட்ஸ் பெயர் வைத்திருந்தார். பிறகு, எந்த மரபணு கெட்டால் இந்தத் திட்டு மறைந்து கண் முழுக்கச் சிவக்கும் என்று தேடியதில் பல மரபணுக்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று சு-வார் 3-9. மனிதனில் அதன் இணை புரதம் என்ன செய்கிறது என்பதை 2000-ஆம் ஆண்டு வியன்னாவில் தாமஸ் யெனுவைனின் குழு கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தின் ஒரு துண்டுக்கும் தாவரங்களில் மெத்தில் ஏற்றும் நொதிகளுக்கும் லேசான சாயல் இருந்தது அவர்களுக்குத் துப்பாயிற்று. சோதித்தார்கள். ஒன்பதாவது லைசினில் மெத்தில் ஏறியது. ஹிஸ்டோன் லைசினில் மெத்தில் ஏற்றும் நொதி என்று முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இதுதான். பிளவு ஈஸ்டில் இதன் உறவுக்கு சிஎல்ஆர்4 என்று பெயர். ஈஸ்டில் அந்த லைசினில் மெத்தில் ஏற்றக்கூடியது அது ஒன்றுதான். மனிதனில் பல இருக்கின்றன. ஒன்றே ஒன்று என்பதால், அதை நீக்கிவிட்டு என்ன கெடுகிறது என்று பார்க்க ஈஸ்டில் எளிது.

சிஎல்ஆர்4 எங்கே எழுத வேண்டும்? மரபணுத் தொகுதி முழுவதும் எழுதினால் செல் செத்துப்போகும். பிளவு ஈஸ்டில் இந்தக் குறி அடர்ந்திருக்கும் இடங்கள் சில: குரோமோசோமின் முனைகள், இனச்சேர்க்கை வகையைத் தீர்மானிக்கும் பகுதி, முக்கியமாக சென்ட்ரோமியர். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் கைப்பிடி சென்ட்ரோமியர். அதன் நடுவில் எச்3 ஹிஸ்டோனுக்குப் பதிலாக வேறொரு வகை ஹிஸ்டோன் உட்கார்ந்திருக்கும். இருபுறமும் ஒரே மாதிரியான டிஎன்ஏ துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை டிஜி, டிஎச் என்று அழைப்போம். மெத்தில் குறி படர்வது இந்தப் பக்கத்துத் துண்டுகளில்தான். 1994-இல் ராபின் ஆல்ஷயரின் குழு ஏடிஇ6 என்ற மரபணுவை சென்ட்ரோமியருக்குள் செருகிப் பார்த்தது. அடினின் தயாரிக்க உதவும் மரபணு அது. அது வேலை செய்தால் காலனி வெள்ளை. வாயடைத்துவிட்டால், அடினின் குறைந்த ஊடகத்தில் அரைகுறையாக நின்றுபோன ஒரு இடைப்பொருள் செல்லுக்குள் சேர்ந்து சிவப்பாகும். நான் பார்த்த தட்டின் தாத்தா அந்தத் தட்டு.

எழுத வேண்டிய இடத்தை சிஎல்ஆர்4-க்குக் காட்டிக்கொடுப்பது ஆர்என்ஏ. அடங்கியிருக்க வேண்டிய டிஜி, டிஎச் துண்டுகளே ஆர்என்ஏ தயாரிக்கின்றன! 2002-இல் டாம் வோல்ப், ராபர்ட் மார்ட்டியன்சன், ஷிவ் கிரேவால் முதலானோர் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இருந்தபோது, ஆர்என்ஏ குறுக்கீட்டுக்கான மூன்று மரபணுக்களை ஈஸ்டிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினார்கள். சென்ட்ரோமியரிலிருந்து ஆர்என்ஏ குவிந்தது, ஒன்பதாவது லைசினின் மெத்தில் காணாமல் போனது, அங்கே செருகியிருந்த மரபணு வாய் திறந்தது. அந்த நாள்வரை ஆர்என்ஏ குறுக்கீடு என்றால் வைரஸ் போன்றவற்றின் ஆர்என்ஏவை உட்கருவுக்கு வெளியே அறுத்துப் போடும் வேலை என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அது குரோமோசோமிலேயே கை வைக்கிறது என்பது பெரிய செய்தி.

நடப்பது இப்படி. டிஜி, டிஎச் துண்டின் மீது ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 ஏறி, ஒற்றை இழை ஆர்என்ஏ ஒன்றை இழுத்துக்கொண்டு போகிறது. ஆர்டிபி1 என்ற நொதி அந்த இழையைப் பார்த்து அதற்கு இணை இழையைச் செய்து இரட்டை ஆர்என்ஏ ஆக்குகிறது. டைசர் என்ற நொதி அந்த இரட்டையை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டு ஆர்கோனாட் என்ற புரதத்தின் மடியில் போய் அமர்கிறது. ஆர்கோனாட் தனியாகப் போவதில்லை. கூட இரண்டு புரதங்கள் சேர்ந்து ரிட்ஸ் என்ற கூட்டு ஆகிறது. ரிட்ஸின் கையில் இருப்பது ஒரு சிறு முகவரிச் சீட்டு. டிஜி, டிஎச் துண்டிலிருந்து அந்த நேரத்தில் வெளியே வந்துகொண்டிருக்கும் புது ஆர்என்ஏவுடன் அந்தச் சீட்டு எழுத்துக்கு எழுத்து இணைகிறது. ஆர்என்ஏ இன்னும் குரோமோசோமை விட்டுக் கழலவில்லை என்பதால், ரிட்ஸ் போய் நிற்பது அதே இடத்தில். எஸ்டிசி1 என்ற இணைப்புப் புரதம் அங்கே சிஎல்ஆர்4-ஐயும் அதன் கூட்டாளிகளையும் இழுத்து வருகிறது.

குறி இடுவதற்கு முன் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே லைசின் முனையில் அசெட்டிலும் மெத்திலும் ஒருசேர இருக்க முடியாது. ஆகவே எஸ்ஐஆர்2 போன்ற நொதிகள் அசெட்டிலைக் கழற்றிவிட வேண்டும். இதை அவசரமாகக் கடந்துவிடுகிறேன், ஆனால் ஆய்வகத்தில் இந்தப் படி தவறினால் மற்றவை எதுவும் நடக்காது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது மெத்தில் ஏறிவிட்டது. அடுத்து படிக்கும் ஆள். ஸ்வி6 என்ற புரதத்தின் ஒரு முனையில் குரோமோடொமைன் என்ற மடிப்பு இருக்கிறது. அதற்குள் மூன்று அரோமாட்டிக் வளையங்கள் சின்னக் கூண்டு கட்டி நிற்கின்றன. மெத்தில் ஏறிய லைசின் முனை அந்தக் கூண்டுக்குள் நுழைந்து நிற்கும். மெத்தில் இல்லாத முனைக்கு அங்கே பிடிப்பு இல்லை. நம் உடலில் ஸ்வி6-இன் உறவுப் புரதம் எச்பி1. இரண்டும் மெத்திலைப் படிக்கின்றன என்பது 2001-இல் தெரியவந்தது. ஸ்வி6 புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவும் செய்யும். பக்கத்து நியூக்ளியோசோமில் இன்னொன்று வந்து அமர்ந்து, பிறகு அதற்கு அடுத்ததில் என்று தொடரும்.

ஆனால் குறி பரவுவதற்கு மேலும் வலுவான வழி ஒன்று உண்டு. எழுதும் சிஎல்ஆர்4-இடமே படிக்கும் மடிப்பும் இருக்கிறது. மெத்தில் ஏறிய நியூக்ளியோசோமை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பக்கத்து நியூக்ளியோசோமில் எழுதுகிறது. படித்து எழுதி, எழுதியதைப் படித்து, குறி ஓடிக்கொண்டே இருக்கும். ரிட்ஸ் கூட்டிலும் மெத்திலைப் பிடிக்கும் மடிப்பு உண்டு. அதனால் குறி இருக்கும் இடத்தில் ரிட்ஸ் கெட்டியாக நிற்கும், ரிட்ஸ் நிற்கும் இடத்தில் குறி கூடும். இதை எங்கே நிறுத்துவது? சென்ட்ரோமியரின் எல்லையில் டிஆர்என்ஏ மரபணுக்கள் வேலி போல நின்று பல இடங்களில் தடுக்கின்றன. ஈபிஇ1 என்ற புரதம் குறியை எதிர்த்து நின்று, வேண்டாத இடங்களில் அது நிலைத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த ஈபிஇ1-ஐ நினைவில் வைத்திருங்கள், மறுபடி வரும்.

மரபணு வாயடைபடுவது இப்போது எளிதாகப் புரியும். ஸ்வி6-ம் அதன் கூட்டாளிகளும் அசெட்டில் கழற்றும் நொதிகளைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்வதால் அங்கே பாலிமரேஸ் ஏறி நிற்பது கடினமாகிறது. ஏறித் தப்பித்து வந்த ஆர்என்ஏவும் பிழைப்பதில்லை. அழிக்கும் இயந்திரத்துக்குக் கைமாற்றப்பட்டு நறுக்கப்படுகிறது. ஆகவே அடக்கம் என்பது கதவை மூடுவது மட்டும் இல்லை, கதவிடுக்கில் கசிந்த பேச்சை உடனுக்குடன் அழிப்பதும்தான். மெத்தில் இரண்டா மூன்றா என்பதும் இங்கே முக்கியம். இரண்டு ஏறிய இடத்தில் கொஞ்சம் ஆர்என்ஏ வர முடிகிறது, அந்த ஆர்என்ஏதான் குறுக்கீட்டு இயந்திரத்துக்குத் தீனி. மூன்றும் ஏறிய இடத்தில் அடக்கம் இறுகுகிறது, அடுத்த தலைமுறைக்குப் போகும் வலுவும் வருகிறது. முழு மௌனம் கிடைத்துவிட்டால் முகவரிச் சீட்டு அச்சடிக்க ஆர்என்ஏ இருக்காது. கொஞ்சம் பேசுவதால்தான் அது அடங்கியிருக்க முடிகிறது.

செல் பிரிதலுக்கு வருவோம். எல்லாக் குரோமோசோமும் பிரதி எடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் இரட்டையாகியிருக்கிறது. இந்தச் சகோதர இழைகள் பிரிய வேண்டிய நொடிவரை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டி வைப்பது கொஹீசின் என்ற வளையப் புரதம். குரோமோசோமின் கைகளில் கொஹீசின் தானாக வந்துவிடும். சென்ட்ரோமியரில் மட்டும் அது அடர்ந்து குவிய வேண்டும், ஏனென்றால் இழுவை விழுவது அங்கேதான். குவிப்பது யார்? மெத்தில் குறியில் உட்கார்ந்திருக்கும் அதே ஸ்வி6. அது கொஹீசினின் ஓர் அங்கத்தைப் பிடித்து இழுக்கிறது. 2001-இலும் 2002-இலும் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. மரபணுவின் வாயை அடைக்கும் புரதமே குரோமோசோம்களைக் கட்டிப் போடவும் செய்கிறது என்று படித்த அன்று எனக்கு உண்மையிலேயே நெஞ்சு நிறைந்தது. இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகப் பாடம் படித்தவன் நான்.

எதிரெதிர் முனைகளிலிருந்து நுண்குழல் கயிறுகள் வந்து சென்ட்ரோமியரைப் பிடிக்கும். பிளவு ஈஸ்டில் ஒவ்வொரு சென்ட்ரோமியரையும் இரண்டு முதல் நான்கு கயிறுகள் பிடிக்கின்றன. சரியாக அமைந்தால், ஒரு சகோதரியின் கயிறுகள் எல்லாம் ஒரு முனையிலிருந்து, மற்றவளின் கயிறுகள் எல்லாம் எதிர் முனையிலிருந்து. தேர்வடத்தை இருபுறமும் பிடித்து இழுத்தால் வடம் விறைப்பது போல நடுவில் இழுவிசை ஏறும். விறைப்பு இருப்பதை வைத்துத்தான் பிணைப்பு சரி என்று செல் அறிகிறது. நடுவில் கட்டு தளர்ந்திருந்தால் விறைப்பு வராது, சென்ட்ரோமியரின் முகமும் நேராக நிற்காது. அப்போது ஒரே சகோதரியை இரண்டு முனைகளிலிருந்தும் கயிறுகள் பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கமும் போக முடியாமல் அது நடுவில் அல்லாடும்.

சிஎல்ஆர்4-ஐயோ ஸ்வி6-ஐயோ நீக்கிய செல்லில் அப்படித்தான் தெரியும். குரோமோசோம்களில் பெரும்பகுதி இரண்டு முனைகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகும், ஒளிரும் ஒரு துணுக்கு நடுவழியில் பின்தங்கி நிற்கும். கூட்டத்தில் பிரிந்த குழந்தையைப் போல என்று அப்போது ஒரு தோழி சொன்னாள், அதை மறக்க முடியவில்லை. கைகளில் இருக்கும் கொஹீசின் ஓரளவு தாங்குவதால் இந்தச் செல்கள் உடனே சாவதில்லை. ஆனால் கயிறுகளைப் பலவீனப்படுத்தும் தயாபெண்டசோல் என்ற மருந்தை ஊடகத்தில் கொஞ்சம் கலந்தால் போதும், சாதாரண ஈஸ்ட் வளரும் தட்டில் இவை முளைப்பதே இல்லை. ஆரஞ்சிலும் வாழைப்பழத்திலும் அறுவடைக்குப் பின் பூஞ்சணம் பிடிக்காமல் தெளிக்கிறார்களே, அதே மருந்து. ஆய்வகத்தில் ஹெட்டிரோகுரோமாட்டின் கெட்டிருக்கிறதா என்று சட்டென்று பார்க்க நாங்கள் முதலில் எடுப்பது அந்தத் தட்டைத்தான்.

சென்ட்ரோமியரின் நடுப்பகுதியில் எச்3-க்குப் பதிலாக அமரும் ஹிஸ்டோனும் இந்தக் குறிக்குக் கடன்பட்டிருக்கிறது. புதிதாகச் செல்லுக்குள் புகுத்திய ஒரு குட்டிக் குரோமோசோமில் அந்த ஹிஸ்டோன் முதன்முதலாக வந்து அமர, பக்கத்தில் ஹெட்டிரோகுரோமாட்டின் இருந்தாக வேண்டும் என்று 2008-இல் ஆல்ஷயர் குழு காட்டியது. ஒருமுறை அமர்ந்துவிட்டால் பிறகு பக்கத்துத் துணை இல்லாமலும் அது தொடர்ந்து இருக்கும்.

எல்லாம் சரியாக அமைந்ததும் செப்பரேஸ் என்ற நொதி கொஹீசின் வளையத்தை அறுக்கிறது. சகோதரிகள் பிரிகிறார்கள்.

சரி, இத்தனை இழுபறியில் குறியும் அதைப் படிப்பவரும் என்ன ஆகிறார்கள்? ஒன்பதாவது லைசினுக்கு அடுத்த பத்தாவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. செல் பிரியத் தொடங்கும்போது ஆரோரா என்ற நொதி அந்தச் செரினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. பாஸ்பேட் பக்கத்தில் வந்ததும் ஸ்வி6-க்குப் பிடி நழுவுகிறது, பெரும்பாலானவை கழன்று போகின்றன. மனித செல்லில் எச்பி1-க்கும் இதேதான் நடக்கிறது, 2005-இல் தெரிந்தது. குறியை அழிக்கவில்லை, படிப்பவரைத்தான் சற்று நேரம் வெளியே அனுப்பிவைக்கிறார்கள். துணி துவைபடும்போது மூட்டை அவிழ்ந்துதானே கிடக்கும், ஓரத்துக் குறி இருந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

படிப்பவர் இல்லாத அந்த இடைவெளியை வீணாக்காமல் செல் பயன்படுத்துகிறது. பிளவு ஈஸ்டில் பிரிதல் முடிந்த கையோடு டிஎன்ஏ பிரதியெடுப்பு தொடங்கிவிடும். அந்த நேரத்தில் டிஜி, டிஎச் துண்டுகள் திறந்திருப்பதால் பாலிமரேஸ் ஏறுகிறது, ஆர்என்ஏ வருகிறது, டைசர் நறுக்குகிறது, முகவரிச் சீட்டுகள் புதிதாக அச்சாகின்றன. 2008-இல் இரண்டு குழுக்கள் செல் சுழற்சியை ஒத்திசைத்து நேரம் நேரமாக அளந்து இதைக் கண்டன. பேசுவதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஒன்று உண்டு. அது முடிந்ததும் மறுபடி அடக்கம்.

பிரதியெடுப்பின்போது இன்னொரு சிக்கல் வருகிறது. இழை இரண்டாகும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு பக்கமும் பங்கிடப்படுகின்றன, மிச்ச இடங்களைப் புதிய ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. புதியவற்றில் குறி இல்லை. ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் கிடைப்பது பாதிக் குறி. ஒன்றும் செய்யாமல் விட்டால் அடுத்த சுற்றில் கால், அதற்கடுத்து அரைக்கால் என்று பத்துத் தலைமுறையில் ஒன்றுமே மிஞ்சாது. இங்கேதான் சிஎல்ஆர்4-இன் இரண்டு கைகள் காப்பாற்றுகின்றன. மிஞ்சிய பழைய குறியைப் படித்து, பக்கத்துப் புது ஹிஸ்டோனில் எழுதுகிறது. ஸ்வி6 திரும்பி வந்து அமர்கிறது, கொஹீசின் குவிகிறது. பிளவு ஈஸ்ட் தன் சுழற்சியின் பெரும்பகுதியைக் கழிக்கும் நீண்ட இடைக்காலம் இந்தச் சீரமைப்புக்குத் தாராளமாகப் போதும்.

ஆர்என்ஏ முகவரி இல்லாமல், பழைய குறியை மட்டும் பார்த்து எழுதியே அடக்கம் தலைமுறை தாண்டுமா? 2014, 2015 வாக்கில் எடின்பரோவில் ஆல்ஷயரின் குழுவும் ஹார்வர்டில் தானேஷ் மோஅசெட்டின் குழுவும் தனித்தனியாகச் சோதித்தன. சென்ட்ரோமியரோடு தொடர்பே இல்லாத ஓர் இடத்தில் சிஎல்ஆர்4-ஐச் செயற்கையாகக் கட்டி வைத்தார்கள். அங்கே மெத்தில் படர்ந்தது, பக்கத்து மரபணு வாயடைந்தது. பிறகு டெட்ராசைக்ளினை ஊற்றினார்கள். கட்டு அவிழ்ந்து, அங்கே வைத்த சிஎல்ஆர்4 விலகியது. சாதாரண ஈஸ்டில் குறியும் சீக்கிரமே கரைந்தது. ஈபிஇ1 நீக்கிய ஈஸ்டில் கரையவில்லை. எழுதச் சொன்ன கை போன பின்னும், பல தலைமுறைகளுக்குச் சிவப்புக் காலனிகள் வந்துகொண்டே இருந்தன. சிஎல்ஆர்4-இன் படிக்கும் மடிப்பைக் கெடுத்ததும் அந்த வாரிசுரிமை அற்றுப்போனது. ஆக, குறி தன்னைத் தானே நகலெடுக்கும். வேண்டாத இடங்களில் அப்படி நகலாகாமல் ஈபிஇ1 துடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மனித செல்லில் இந்த வரிசை அப்படியே ஓடுவதில்லை. நம் சென்ட்ரோமியருக்குச் சிறு ஆர்என்ஏவின் பங்கு ஈஸ்டில் இருப்பது போலத் தெளிவாக இல்லை, கொஹீசினைக் காப்பதில் வேறு புரதங்களும் கை கொடுக்கின்றன. ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். சு-வார் 3-9-இன் இரண்டு இணைகளையும் நீக்கிய எலிகளை யெனுவைன் குழு 2001-இல் வளர்த்தது. பல கருவிலேயே இறந்தன. பிழைத்தவற்றின் செல்களில் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாக இருந்தது, நிணநீர் மண்டலத்தில் புற்றும் கூடுதலாக வந்தது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2020-இல் ஆல்ஷயர் குழு சாதாரண பிளவு ஈஸ்டை, ஈபிஇ1 எல்லாம் ஒழுங்காக உள்ள ஈஸ்டை, அதைத் திணறடிக்கும் அளவு காஃபின் கலந்த ஊடகத்தில் வளர்த்தது. பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்து வந்த காலனிகளில் சிலவற்றில் டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தால் தாங்குதிறனைச் சொல்லும் பிழை ஏதும் இல்லை. ஒன்பதாவது லைசினில் மெத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தபோது, வழக்கமாக அது இருக்கவே இருக்காத மரபணுக்களின் மீது புதுத் தீவுகளாகப் படர்ந்திருந்தது. செல் தன் மரபணு சிலவற்றின் வாயைத் தானே அடைத்துக்கொண்டு விஷத்தைத் தாங்கியிருக்கிறது. பூஞ்சை மருந்துகள் சிலவற்றையும் இந்தக் காலனிகள் தாங்கின. வயலிலும் மருத்துவமனையிலும் மருந்துக்கு அடங்காத பூஞ்சைகளைக் கண்டால் டிஎன்ஏவில் பிழையைத் தேடுவதுதான் நம் வழக்கம், தேடிக் கிடைக்காதபோது இனி ஹிஸ்டோனையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலனிகளில் சிஎல்ஆர்4-ஐ நீக்கினார்கள், தாங்குதிறன் போயிற்று. நீக்காமல், காஃபின் இல்லாத ஊடகத்தில் வளர விட்டும் பார்த்தார்கள். செல்கள் பிளந்தன, மறுபடி பிளந்தன. ஒவ்வொரு பிளவிலும் குறி பாதியாகி, மறுபடி எழுதப்படாமல், தேய்ந்தது. பிறகு அவற்றைக் காஃபின் தட்டில் இட்டபோது, அவற்றின் மூதாதையர் போலவே அவையும் முளைக்கவில்லை.